அணியும் நகையும் ஆபத்துக்கு உதவும் நகையும்

சென்ற கார்த்திகையில், நெசவாளரும் உழவரும் கலந்து உறுப்பினராயுள்ள ஒரு கடன் சங்கத்தில் ஆய்வுக்காக நாம் அமர்ந்திருந்தோம். மூன்று நாட்களாக விடாத மழை. குழித்தறிகளில் நீர் ஊறிவிட்டபடியால் ஊரில் பாதித் தறிகள் ஓடவில்லை. நகைக் கடன் மேசைக்கு முன்னே ஓர் இளம் பெண்மணி வந்து நின்றார். மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே சிவப்பும் பச்சையுமாகக் கற்கள் பதித்த ஓர் ஆரம் இருந்தது.

"6 சவரன் ஐயா. என் கல்யாணத்துக்கு அப்பா போட்டது" என்றார் அவர்.

மதிப்பீட்டாளர் ஆரத்தைத் தராசில் இட்டார். மொத்த எடை 48 கிராம். பெண்மணி கூறியபடி 6 சவரன் சரியாகவே இருந்தது. பிறகு கல், உள்ளே நிரப்பிய அரக்கு, கோத்த சரடு ஆகியவற்றுக்காக 15 கிராம் கழித்தார். எஞ்சியது 33 கிராம். உரைகல்லில் உரைத்துப் பார்த்தபோது பொன் 22 காரட்டாக இல்லை. 20 காரட்டே தேறியது. அதனை 22 காரட் கணக்குக்கு மாற்றியபோது 30 கிராம் என்று ஏட்டில் எழுதினார். 6 சவரன், மூன்றே முக்காற் சவரனாயிற்று.

"மீதி எங்கே போயிற்று, ஐயா?" என்று அப்பெண்மணி கேட்டார்.

"எங்கேயும் போகவில்லை அம்மா. வாங்கும்போதே அவ்வளவுதான் இருந்தது" என்றார் மதிப்பீட்டாளர்.

கடன் கிடைத்தது; ஆனால் பழுதான தறியைச் சீர்செய்யவும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குமாக அவர் எண்ணி வந்த தொகை கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னே நின்ற முதியவளொருத்தி, மெருகு போய் நெளிந்திருந்த இரண்டு வளையல்களை மேசைமேல் வைத்தாள். 24 கிராம் என்று சொன்னாள். தராசும் அவ்வாறே சொல்லிற்று. உரைகல்லும் 22 காரட் என்றே காட்டிற்று. கேட்ட தொகையைப் பெற்றுக்கொண்டு அவள் உரம் வாங்கச் சென்றாள்.

இந்த இரு காட்சிகளையும் வைத்துக்கொண்டு, கல் நகை தீது, வளையலே நன்று என்று தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. அந்த இளம் பெண்மணி புறப்படும்போது, "ஆனாலும் ஐயா, கல்யாணத்தன்று இதைப் போட்டுக்கொண்டு நின்றபோது எங்கள் தெருவே வந்து பார்த்தது" என்றார். அதுவும் மெய்யே. அழகுக்கும் மகிழ்ச்சிக்கும் விலை உண்டு. ஆனால் அவ்விலையை அறிந்து கொடுப்பது வேறு. அறியாமற் கொடுத்துவிட்டு இடரான நாளில் அறிந்துகொள்வது வேறு. நம் குடும்பங்களில் நகை என்பது அணி மட்டுமன்று. விதைநெல்லைப் போல் எடுத்துவைத்த முதலும் அதுவே. ஆகவே விசேஷ நாளுக்கு நகை தெரிவு செய்வோர், அந்த நாளையும் அதற்குப் பின் வரக்கூடிய கார்த்திகை மழையையும் ஒருசேர நினைத்துத் தெரிவு செய்யவேண்டும் என்பதே நாம் கூற விரும்புவது.

எடையை அறிதல்

நெசவாளருக்கு எடை புதிதன்று. பட்டையும் ஜரிகையையும் நிறுத்துப் பெறுகிறோம். நெய்த சேலையை நிறுத்தே ஒப்படைக்கிறோம். கழிவு இவ்வளவு என்று ஒத்துக்கொண்டதற்கு மேற்பட்டால் கணக்குக் கேட்கிறார்கள். உழவர் நிலக்கடலை மூட்டையைக் கொண்டுசென்றால், மண்ணுக்கும் ஈரத்துக்கும் கழித்த பின்னரே விலை பேசுகிறார்கள். விற்கும்போது இவ்வளவு கறாரான கணக்குக்கு உட்படும் நாம், நகை வாங்கும்போது மட்டும் கல்லையும் அரக்கையும் பொன்னோடு சேர்த்து எண்ணிக்கொள்வது விந்தையேயாகும்.

ஒரு நகைக்கு மூன்று அளவுகள் உண்டு. தராசிலிட்டவுடன் காண்பது மொத்த எடை. கல், முத்து, அரக்கு, சரடு ஆகியவற்றை நீக்கிய பின் நிற்பது நிகர எடை. அந்த நிகர எடையில் எத்தனை பங்கு தூய பொன் என்பது மாற்று. 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு பொன். 18 காரட்டில் 750 பங்கு. 14 காரட்டில் 585 பங்கு. மூன்றும் தெரிந்தாலன்றி ஒரு நகையின் மதிப்புத் தெரிந்ததாகாது. 8 கிராம் ஒரு சவரன் என்னும் வழக்குக்கணக்கும், நிகர எடைக்குச் சொன்னால்தான் பொருளுடையது.

இது இக்காலத்தார் கண்டுபிடித்த நுணுக்கமன்று. முதலாம் இராஜராஜ சோழன் எடுப்பித்து, 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் காண்க. இறைவனுக்கு அளித்த ஒவ்வொரு நகையும் அங்கே பதிவாகியிருக்கிறது. முத்து எத்தனை, பவளம் எத்தனை, வைரம் எத்தனை என்ற தொகை தனியே உண்டு. முத்துக்களில் குற்றமுள்ளவை எவை என்ற குறிப்பும் உண்டு. நகையின் எடையைச் சொல்லுமிடத்தில், சரடும் சட்டமும் அரக்கும் உட்பட இவ்வளவு கழஞ்சு என்று வெளிப்படையாகவே பொறித்திருக்கிறார்கள். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்றும், மணிகள் பதித்த நகைகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்றும் பெயரிட்ட எடைக்கற்களே தனித்தனியாக இருந்தன. பேரரசன் கொடுத்த கொடைக்கே கல்லும் அரக்கும் இத்தனை கவனத்தோடு எழுதப்பட்டன என்றால், நமது வீட்டு ஆரத்துக்கு அவற்றை எழுதிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே கடையில் பெறும் பற்றுச்சீட்டில் மொத்த எடை, நிகர எடை, காரட், கல்லின் எடையும் விலையும், செய்கூலி, சேதாரம், வரி ஆகிய அனைத்தும் தனித்தனி வரியாக இருக்கவேண்டும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதிய சீட்டை ஏற்கலாகாது.

முத்திரையை அறிதல்

நல்ல ஜரிகை பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் ஏற்றியது. போலி ஜரிகையும் கடை விளக்கில் அதைப் போலவே மின்னும். சோதித்தவருக்கே வேற்றுமை விளங்கும். பொன்னும் அப்படித்தான். கண்ணால் மாற்று அறிவது கைதேர்ந்த பத்தருக்கும் கடினம். ஆதலால் அரசு முத்திரை ஏற்படுத்தியிருக்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொன் நகைகளுக்கு முத்திரையிடும் திட்டத்தை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2021 ஜூன் முதல் அது மாவட்டந்தோறும் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் பொறித்த நகையையே கடைக்காரர் முத்திரை நகையாக விற்கலாம் என்றாயிற்று. நகையின் உட்புறத்தில் மூன்று குறிகளைத் தேடவேண்டும். அமைவனத்தின் முக்கோணச் சின்னம் முதலாவது. 22கே916 என்பது போன்ற மாற்றுக் குறி இரண்டாவது. அந்த ஆறு இலக்க அடையாளம் மூன்றாவது. கைப்பேசியில் அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அவ்வடையாளத்தை இட்டால், அந்நகை இன்ன வகையைச் சேர்ந்தது, இன்ன மாற்றுடையது என்பது தெரியவரும். கடையை விட்டு வெளியேறுமுன் இதனைச் செய்துவிடுதல் நலம்.

முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாராமல், என்ன எண் இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். 14, 18 காரட் நகைகளுக்கும் முத்திரை உண்டு. 2025-ஆம் ஆண்டில் 9 காரட்டும் அவ்வரிசையிற் சேர்ந்தது. அதன் எண் 375. அதாவது ஆயிரத்தில் 625 பங்கு பிற உலோகம். அன்றாடம் அணியும் சிறு நகைக்கு அது பொருந்தலாம். 22 காரட் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். 'கே.டி.எம்.' என்ற சொல்லைக் கேட்டு மயங்குவோரும் உளர். அது காட்மியம் கலந்த பற்றுவைப்பு முறையின் பெயரேயன்றி மாற்றுக்குச் சான்றன்று. காட்மியப் புகை பொற்கொல்லரின் நுரையீரலுக்குக் கேடு செய்வது. முத்திரை நகையில் காட்மியத்துக்கு இடமில்லை.

சில விலக்குகளும் உண்டு. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் என்னும் கல்லிழைப்பு நகைகளுக்கும் முத்திரை கட்டாயமன்று. ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சிறு வணிகருக்கும் அவ்வாறே. ஊர்ப் பத்தரிடம் நகை செய்விப்போர் பலர் இருக்கின்றனர்; அவர்களது கைத்திறனை இகழ்வது நம் கருத்தன்று. ஆயினும் அந்நகையை அமைவனத்தின் ஒப்புதல் பெற்ற சோதனை மையத்தில் காட்டி மாற்றறிந்துகொள்வது இருவருக்கும் நல்லது. தாயும் பாட்டியும் விட்டுச்சென்ற பழைய நகைக்கும் இதுவே வழி. 1963-ஆம் ஆண்டில் பொன் கட்டுப்பாடு வந்தபோது 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யவே தடை இருந்தது. பொற்கொல்லர் பல்லாயிரவர் பிழைப்பிழந்த காலம் அது. காரட் வரம்பு சில ஆண்டுகளில் தளர்ந்தது. 1968-ஆம் ஆண்டுப் பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீக்கப்பட்டது. அந்த இடைக்காலத்து நகைகள் பல மாற்றில் கலந்தே இருக்கும்.

முத்திரையிட்ட நகையிலேயே மாற்றுக் குறைவு கண்டால், 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்த பங்கின் மதிப்பைப் போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் பெற உரிமை உண்டு. பற்றுச்சீட்டு இருந்தால்தான் அவ்வுரிமை கைகூடும். சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பு விற்கச் சென்றபோது, அது தன்னுடையது என்று காட்ட அவனிடம் ஒரு சான்றும் இல்லை. சிலம்பை உடைத்து உள்ளிருந்த மாணிக்கப் பரல் வெளிப்பட்ட பின்னரே உண்மை விளங்கிற்று. அதற்குள் உயிர் போயிற்று. நமது நகைக்குப் பரலாக நிற்பவை முத்திரையும் சீட்டுமே. இரண்டையும் நகையோடு வையாமல் வேறோரிடத்தில் பத்திரப்படுத்தவேண்டும்.

சேதாரத்தை அறிதல்

பொன்னின் விலை நாளுக்கு நாள் மாறுவது. இவ்விதழ் கைக்கு வருவதற்குள் நாம் எழுதும் விலை பழையதாகிவிடும். ஆகவே ரூபாயை விட்டுவிட்டுக் கிராமிலேயே கணக்கிடுவோம்.

இரண்டு நகைகள், இரண்டும் நிகர எடை 24 கிராம் என்று கொள்வோம். ஒன்று வேலைப்பாடு குறைந்த சங்கிலி. சேதாரம் 100-க்கு 8. மற்றொன்று நுண்ணிய வேலைப்பாடுடைய ஆரம். சேதாரம் 100-க்கு 20. முதலாவதற்கு 1.92 கிராமின் விலையையும் இரண்டாவதற்கு 4.8 கிராமின் விலையையும் மேலே கொடுக்கிறோம். விற்கும்போதோ ஈடு வைக்கும்போதோ இரண்டும் 24 கிராமே. வேற்றுமையாகிய 2.88 கிராம், அழகுக்காக நாம் கொடுத்த விலை. ஒரு சிறு தோட்டின் எடை அது. கொடுக்கக் கூடாது என்பதன்று. கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்கவேண்டும். இவற்றோடு 2017 ஜூலை முதல் சரக்கு, சேவை வரி 100-க்கு 3 வீதம் சேர்கிறது. அதுவும் திரும்ப வருவதன்று.

இதனினும் பெரிய இழப்பு, பழைய நகையைக் கொடுத்துப் புதிய மோஸ்தர் வாங்கும் வழக்கத்தால் நேர்வது. 16 கிராம் சங்கிலியை மாற்றி 16 கிராமிலேயே வேறொன்று வாங்கினால், சேதாரம் 100-க்கு 12 என்று வைத்துக்கொண்டாலும் 1.92 கிராம் போய்விடும். வாழ்நாளில் மூன்று முறை மாற்றினால் 5.76 கிராம், முக்கால் சவரனுக்குச் சற்றே குறைவு. நெய்து முடித்த சேலையைப் பிரித்து மீண்டும் மீண்டும் நெய்வாரைக் கண்டதுண்டா? அறுந்த கண்ணியைப் பற்றவைத்து மெருகிட்டுக் கொள்வதே சிக்கனம்.

மாதத் தவணைச் சீட்டைப் பற்றியும் ஒரு சொல். நகைக் கடைகளில் 11 மாதத் தவணைகளே மிகுதி. பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் ஈடுசெய்யவேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு நிறுவன வைப்புத்தொகை விதிகள் கூறுவதே அதற்குக் காரணம். கடை மூடப்பட்டால் தவணை கட்டியவர் வரிசையில் நின்று காத்திருக்க நேரிடும். தமிழ்நாட்டில் அவ்வாறு நின்றோர் பலர். அதே தொகையை மத்தியக் கூட்டுறவு வங்கியில் தொடர் வைப்பாகக் கட்டிவந்தால், 5 லட்ச ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு, வட்டியும் உண்டு, எந்தக் கடையில் வாங்குவது என்ற உரிமையும் நம்மிடமே இருக்கும். தொடக்கச் சங்க வைப்புக்கு அக்காப்பீடு பொருந்தாது. ஆதலின் அங்கே வைப்பிடுவோர் தம் சங்கத்தின் தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் படிப்பது கடமை. ஆய்வாளர் ஒருவரே இதனைக் கூறுவது கண்டு சங்க நிர்வாகிகள் வருந்தவேண்டா. கேட்கும் உறுப்பினரால் சங்கம் வலுப்பெறுமேயன்றி நலிவதில்லை.

எந்த நாளுக்கு எந்த நகை

பிறந்த குழந்தைக்கு அரைஞாணும் காப்பும் கொலுசும் வெள்ளியிலேயே போதுமானவை. குழந்தை வளர வளர அவை சிறுத்துப்போகும். சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற இடங்களில் கொலுசுத் தொழில் குடிசைத் தொழிலாகவே நடைபெறுகிறது. கொலுசில் பற்றுவைப்பு மிகுதியாதலால், வெள்ளியின் மாற்றையும் கேட்டே வாங்கவேண்டும். வெள்ளிக்கும் ஆறு இலக்க அடையாளம் இடும் முறை 2025 செப்டம்பரில் விருப்ப அடிப்படையில் தொடங்கியது. சிறு மணிகள் உதிரக்கூடிய கொலுசைத் தவிர்த்தல் நல்லது. குழந்தை எதையும் வாயில் இட்டுக்கொள்ளும்.

காது குத்துக்குத் தாய்மாமன் கொடுக்கும் கடுக்கனோ தோடோ எளியதாய், திருகு உறுதியாய் இருக்கவேண்டும். மலிவான முலாம் நகைகளில் உள்ள நிக்கல் உலோகம், புதிதாகக் குத்திய காதைப் புண்ணாக்குவதுண்டு. வளைகாப்புக்குக் கண்ணாடி வளையலின் ஒலியே போதும். அதனோடு பொன் வளையல் போட விரும்புவோர், உள்ளீடற்ற பெரிய வளையலைக் காட்டிலும் கம்பியாகச் செய்த மெல்லிய வளையலைப் போடலாம். உள்ளீடற்றது ஒருமுறை நசுங்கினால் பழைய வடிவம் பெறுவதரிது.

மஞ்சள் நீராட்டுச் சீரில் ஆளுக்கொரு சிறு மோதிரம் போடும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. எட்டு வீட்டார் எட்டு மோதிரம் போடுகின்றனர். ஒவ்வொன்றும் 1 கிராம். இவற்றுக்கு முத்திரை கட்டாயமில்லை. செய்கூலியோ எடைக்கு மிகுதி. அந்தப் பெண்ணுக்கு எட்டு விரலில் அணிந்துகொள்ளும் எண்ணமும் இராது. அந்த எட்டு வீட்டாரும் ஒன்று கூடினால் 8 கிராமில் முத்திரையிட்ட ஒரு சங்கிலி ஆகும். நாள்தோறும் அணியலாம், ஒரு நாள் உதவவும் செய்யும். கூட்டுறவு என்ற சொல்லைச் சங்கக் கட்டடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மொய்ப் பந்தலுக்கும் கொண்டுசெல்லலாம் அல்லவா? கொடுத்தவர் பெயர் எட்டையும் ஒரு தாளில் எழுதிச் சங்கிலியோடு கொடுத்தால் உறவு குறைந்துவிடாது.

திருமணத்தில் திருமாங்கல்யம் அவரவர் குலவழக்கப்படி அமைவது. அதில் பிறர் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. மற்ற நகைகளில், கையிலுள்ள பொருளை இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ள நாம் யோசனை கூறுவோம். பெரும்பங்கைக் கல்லில்லாத சங்கிலி, வளையல், கொடி ஆகியவற்றில் இடுக. சிறுபங்கை மேடையழகுக்கான அட்டிகை, ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி இவற்றில் இடுக. ஒட்டியாணமும் வங்கியும் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை அணிவன. அவற்றை வெள்ளியின்மேல் பொன்முலாமிட்டு நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகை வகையில் வாங்கலாம், கவரிங்கில் வாங்கலாம், உறவினரிடம் ஒரு நாளைக்கு இரவல் பெறலாம். ஆனால் கவரிங் நகையைப் பொன் நகைகளோடு ஒரே பெட்டியில் வைத்துக் கடன் மேசைக்குக் கொண்டுவருதல் கூடாது. அறியாமற் செய்த பிழைக்கும் அறிந்து செய்த மோசடிக்கும் ஏட்டளவில் வேற்றுமை காண்பது எளிதன்று.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பெற்றோருக்கு நகை எடுப்போர், அவர்கள் பழைய நகையில் அறுந்தது, தேய்ந்தது எது என்று பார்த்துச் சீர்செய்து கொடுக்கலாம். தாயின் தோட்டுத் திருகு தேய்ந்திருப்பதைக் கவனித்த மகனைவிட வேறு பரிசு அவளுக்கு வேண்டியதில்லை.

அணியும் முறை

நெசவாளருக்கு நிறப்பொருத்தம் நாம் சொல்லித் தரவேண்டுவதன்று. எனினும் மணப்பந்தலில் அடிக்கடி காணும் பிழையொன்றைக் குறிப்பிடுவோம். அகன்ற கோர்வைக் கரையும் உடலெங்கும் ஜரிகைப் புட்டாவும் உள்ள சேலைமேல் நான்கடுக்கு ஆரம் அணிந்தால் சேலையும் தெரிவதில்லை, ஆரமும் தெரிவதில்லை. அத்தகைய சேலைக்கு ஒரே அட்டிகையோ ஒரே காசு மாலையோ போதும். உடல் வெறுமையாகவுள்ள அரக்கு நிறச் சேலைக்கு முத்து எடுப்பாக இருக்கும். மாம்பழ நிறத்துக்குச் சிவப்புக் கல் இசையும். நெய்தவரின் இருபது நாள் உழைப்பை நகையால் மூடிவிடாமல் இருப்பது, நெசவுக் குடும்பத்துக்குரிய பண்பென்றே கூறலாம்.

வேலை நேரத்தில் எல்லா நகையும் ஆகா. கல்லைப் பற்றிய முட்கள் நீண்ட மோதிரம் பட்டிழையை இழுத்துவிடும். விசைத்தறியிலும் கதிரடிக்கும் பொறியிலும் தொங்கும் சங்கிலியும் தளர்ந்த வளையலும் உயிருக்கே ஆபத்து. சேற்று வயலில் கழன்று விழுந்த மோதிரத்தை மீட்டவர் சிலரே. முத்தையும் பவளத்தையும் புளித்தண்ணீரில் கழுவலாகாது. அமிலம் அவற்றை அரித்துவிடும். கல்லில்லாத பொன்னைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் கழுவி மெல்லிய துணியால் துடைத்தாற் போதும்.

உரிமையும் சங்கமும்

மணமகளுக்குப் பெற்றோரும் உற்றாரும் கொடுத்த நகை அவளுடைய தனிச்சொத்து. 1985-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஐயத்துக்கிடமின்றித் தீர்த்துரைத்திருக்கிறது. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேளாமல் அன்போடு கொடுத்த பரிசுகளுக்கும் பட்டியல் எழுதி மணமக்கள் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ள வேண்டுமென்று 1985-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அப்பட்டியலில் நிகர எடையையும் ஆறு இலக்க அடையாளத்தையும் சேர்த்து எழுதினால் பின்னால் வரும் வழக்கும் வருத்தமும் பெரிதும் குறையும். மனைவியின் நகையை ஈடு வைக்கக் கணவன் மட்டும் வந்து நிற்கும்போது, அவளும் அறிந்ததுதானா என்று சங்கம் கேட்பதில் தவறில்லை.

இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6-இல் பொன், வெள்ளி ஈட்டுக் கடன்களுக்கு விரிவான நெறிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரப் பணித்தது. மாநில, மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் அவை உரியன. கல்லுக்கும் மணிக்கும் மதிப்பில்லை, பொன்னுக்கே மதிப்பு. கடன் பெறுவோர் முன்னிலையிலேயே மதிப்பிட்டு, மொத்த எடை, நிகர எடை, கழிவு ஆகியவற்றைக் குறித்த சான்று தரவேண்டும். இரண்டரை லட்ச ரூபாய் வரையுள்ள கடனுக்கு மதிப்பில் 100-க்கு 85 வரையும், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80-உம், அதற்கும் மேல் 75-உம் வரம்பாகும். கட்டித் தங்கத்தின்மீது கடனில்லை. தொடக்கச் சங்கங்கள் தத்தம் துணைவிதிகளின்படி நடப்பினும், மதிப்பிடும்போது உறுப்பினர் அருகிலிருந்து பார்ப்பதும் சான்று கேட்பதும் எங்கும் பொருந்தும்.

அந்த இளம் பெண்மணியைப் பற்றிச் சொல்லி முடிப்போம். தை மாதத்தில் மழை ஓய்ந்து தறி ஓடத் தொடங்கியதும் தவணை தவறாமல் கட்டினார் என்று ஏட்டில் கண்டோம். அண்மையில் மீண்டும் அச்சங்கத்துக்கு நாம் சென்றபோது அவர் வந்திருந்தார். கடனுக்காக அன்று. தங்கைக்கு நிச்சயமாகியிருக்கிறதாம். கடையில் எழுதி வாங்கிய விலைக்குறிப்பொன்றை மதிப்பீட்டாளரிடம் நீட்டி, "இதில் நிகர எடை எந்த வரி, ஐயா?" என்று கேட்டார். மதிப்பீட்டாளர் கண்ணாடியை அணிந்துகொண்டு தேடினார். அந்த வரியே இல்லை. "எழுதி வாங்கிக்கொண்டு வா அம்மா, பிறகு பார்க்கலாம்" என்றார். அவர் குடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்.

அவர் மேசைமேல் வைத்த விலைக்குறிப்புக்குப் பத்து நிமிடம் செலவாயிற்று. நகைக் கடன் பிரிவு இயங்கும் ஒவ்வொரு சங்கமும், முகூர்த்த மாதங்களில் வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென்று ஒதுக்கி, வாங்கப்போகும் உறுப்பினருக்கு விலைக்குறிப்பைப் படித்துச் சொல்லலாம். கடன் கொடுப்பதோடு, கடன் நாளில் ஏமாற்றம் நேராமற் காப்பதும் சங்கத்தின் பணியே ஆகும்.